வடிவக்காவின் கைராசி

வடிவக்காவைப் பற்றி யாராவது ஒரு வார்த்தை தப்பாகப் பேசினால் நான் சண்டைக்குப் போய்விடுவேன். தப்பாகப் பேச வேண்டியதை எல்லாம் நானே பேசிக்கொள்கிறேன். பத்துப் பன்னிரண்டு வருஷம் அவள் செட்டில் உப்புச் சுமந்தவள் நான், எனக்கு அந்த உரிமை உண்டு. ஊர்க்காரர்களுக்கு அதில் என்ன சோலி?

முழுப் பெயர் அருணாசலவடிவு. பிறந்தது உடன்குடிப் பக்கம், கட்டிக்கொடுத்தது தூத்துக்குடி முத்தையாபுரத்தில். புருஷன் செந்தூர்வேல் துறைமுகத்தில் சரக்கு ஏற்றி இறக்குகிறவர். கல்யாணமான மறுவருஷமே அக்கா உப்பளத்துக்கு வந்துவிட்டாள். வேலையில் சூரிக்கத்தி, வாயில் அதைவிடச் சூரி. அதனால் முதலாளி அவளைக் கங்காணி ஆக்கினார். கங்காணி என்றால் ஏதோ நாற்காலி போட்டு உட்காருகிற வேலை என்று நினைத்துவிடாதீர்கள். பதினைந்து பெண்களைச் சேர்த்து ஒரு செட்டாக வைத்துக்கொண்டு, அவர்களோடு தானும் வெயிலில் வேகிற வேலை அது.

விடியுமுன் அளத்தில் இறங்க வேண்டும். ஈர உப்பைச் சட்டியில் வாரித் தலையில் ஏற்றி, வழுக்குகிற வரப்பில் நடந்து, மேட்டில் அம்பாரமாகக் கொட்டிவிட்டு வந்தால் அடுத்த சட்டி தயாராக நிற்கும். வெயில் ஏறிவிட்டால் கண் கூசும், கால் வெடிப்பில் உப்பு ஏறி எரியும். முப்பது வயதிலேயே எங்களுக்கு இடுப்பு என்று ஒன்று இல்லாமல் போய்விடும். அதைப் பற்றி அழுதுகொண்டிருந்தால் அடுப்பு எரியுமா?

எங்கள் பக்கத்து அளங்களில் ஒரு பழக்கம் உண்டு. டீ நேரத்தில் கங்காணி தன் கையால் செட்டுப் பெண்களுக்கு ஏதாவது கொடுக்க வேண்டும். ஒருத்தி வெற்றிலை பாக்குக் கொடுப்பாள், ஒருத்தி வடை வாங்கி வருவாள், ஒருத்தி புகையிலை. யார் கையில் வாங்குகிறோமோ அவள் சொல்கிற பாத்தியில்தான் இறங்குவோம். வேறு செட்டுக்காரி எவ்வளவு ஆசை காட்டிக் கூப்பிட்டாலும் போக மாட்டோம். வடிவக்கா ஆரம்பத்தில் கருப்பட்டி மிட்டாய் கொடுத்தாள். அப்புறம் மாத்திரை கொடுத்தாள்.

அது வந்த வழி இதுதான். செந்தூர்வேல் அண்ணனுக்கு வேலையில் முதுகு பிசகி ஆபரேஷன் நடந்தது. டாக்டர் பத்து நாளைக்கு வலி மாத்திரை எழுதிக் கொடுத்தார். பத்து நாள் முடிந்தது, அண்ணனுக்கு வலியும் நின்றது. சீட்டை மட்டும் அக்கா தூரப் போடவில்லை. ஆதார் கார்டு மாதிரி அதை லேமினேட் பண்ணி வைத்துக்கொண்டாள்! எங்கள் பக்கத்து மருந்துக்கடை அண்ணாச்சி சீட்டு இருக்கிறதா என்று பார்ப்பார், தேதியைப் பார்க்க மாட்டார்.

அந்தச் சமயம் எனக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது. சட்டியை இறக்கிவிட்டு வரப்பிலேயே உட்கார்ந்துவிட்டேன். அக்கா ஒரு மாத்திரையைப் பாதியாக உடைத்துக் கொண்டுவந்து நீட்டினாள்.

“ஏளா பிரேமா, இதப் போட்டுப் பாரு. எங்க வீட்டு அவியளுக்குப் பெரிய டாக்டர் எழுதினது. பெட்டிக்கடைச் சரக்கு இல்ல.”

போட்டேன். கொஞ்ச நேரத்தில் வலி எங்கே போனதென்றே தெரியவில்லை. உடம்பு பஞ்சாகிவிட்டது. அன்றைக்கு நான் வழக்கத்தைவிட அதிகமாகச் சுமந்தேன், அதுவும் சிரித்துக்கொண்டே சுமந்தேன். பார்த்தவள்கள் எல்லாம் கையை நீட்டினார்கள். கொஞ்ச நாளில் செட்டு முழுக்க டீயோடு அரை மாத்திரை என்றாகிவிட்டது. எங்கள் அம்பாரம் மற்ற செட்டுகளின் அம்பாரத்தைவிட உயர்ந்து நின்றது. முதலாளி வந்து பார்த்துவிட்டு, “வடிவு கைராசிக்காரி” என்று எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டுப் போனார். அக்காவுக்கு அன்றைக்கு முகம் பூரித்துப்போயிருந்தது.

தப்பு என்று எங்களில் ஒருத்திக்கும் தோன்றவில்லை. எப்படித் தோன்றும்? கஞ்சாவா, சாராயமா? டாக்டர் எழுதின மாத்திரை. அதுவும் தாய் மாதிரி ஒருத்தி கையால் தருவது.

ஜெயபிரியாவும் எங்கள் செட்டில்தான் இருந்தாள். அக்காவின் அண்ணன் மகள். அப்பனும் ஆத்தாளும் போன பிறகு அக்காதான் அவளை வளர்த்து, கண்டெய்னர் லாரி ஓட்டுகிற மாரிராஜுக்குக் கட்டிக்கொடுத்தாள். வயிற்றைக் கிழித்துப் பெண் பிள்ளை பிறந்தது. பிள்ளை நடக்க ஆரம்பித்ததும் அளத்துக்கு வந்தாள். ஒல்லிக்குச்சி. சட்டியைத் தலையில் வைத்தால் கழுத்து உள்ளே போய்விடும். அவளுக்கு மட்டும் அக்கா அரை கொடுக்க மாட்டாள். எல்லாரும் திரும்பியிருக்கும்போது முழு மாத்திரையாக அவள் கையில் வைத்து அழுத்துவாள். சாயங்காலம் வீட்டுக்குப் போனால் இன்னொன்று. நான் ஒருநாள் கையும் களவுமாகப் பிடித்துவிட்டேன்.

“எக்கா, நாங்கல்லாம் மாற்றாந்தாய் பிள்ளையளா?”

“சவத்த மூடு. சொந்தப் பிள்ளைக்கு யாராவது அரையாக் குடுப்பாவளா?” என்றாள்.

எனக்கு அன்றைக்குப் பொறாமையாக இருந்தது.

ஐப்பசியில் மழை பிடித்தது. பாத்தி எல்லாம் மழைத்தண்ணீர், அளத்தில் வேலை கிடையாது. அதே சமயம் மருந்துக்கடைகளில் சோதனை நடக்கிறது என்று பேச்சு வந்தது. அண்ணாச்சி பழைய சீட்டைத் தொடவே மாட்டேன் என்றுவிட்டார். அக்கா அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. வேலை இல்லையென்றால் வலி இல்லை, வலி இல்லையென்றால் மாத்திரை எதற்கு? அவள் கணக்கு அப்படி.

அந்த வாரமே எனக்குக் காய்ச்சல் மாதிரி வந்தது. மூக்கு ஒழுகுகிறது, கண்ணில் தண்ணீர் கொட்டுகிறது, கொட்டாவி மேல் கொட்டாவி, கால் ஒரு இடத்தில் நிற்க மாட்டேன் என்கிறது, வயிற்றுப்போக்கு வேறு. எங்கள் செட்டுப் பெண்கள் எல்லாருக்கும் அப்படியே. மழைக்கால விஷக்காய்ச்சல் என்று சுகாதாரத்துறையிலிருந்து வந்து முகாம் போட்டார்கள். நிலவேம்புக் கசாயம் ஊற்றினார்கள். தெருத்தெருவாகக் கொசு மருந்துப் புகை அடித்தார்கள், நாங்கள் இருமினோம், கொசு சௌக்கியமாகத்தான் இருந்தது. வந்த நர்சுக்கு மட்டும் ஒன்று பிடிபடவில்லை. “வீட்டுல ஒருத்திக்குத்தான் காய்ச்சல், புருஷனுக்கும் இல்ல, பிள்ளைகளுக்கும் இல்ல, அது எப்படிம்மா?” என்று கேட்டுக்கொண்டே போனார்.

அக்கா கஞ்சி வைத்துத் தூக்கிக்கொண்டு ஒவ்வொருத்தி வீட்டுக்கும் போனாள். அதுதான் அவள் குணம். என் வீட்டுக்கு வந்தபோது வாசல்படியிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

“ஏளா, பக்கத்து அளத்துல பானுப்ரியா கங்காணியா இருக்க செட்டுல ஒருத்திக்கும் காய்ச்சல் இல்லையே.”

“அவளுவள எந்தக் கொசு கடிக்கும்?” என்றேன்.

அக்கா சிரிக்கவில்லை. முகம் வெளிறிப்போய் என்னையே பார்த்தாள். “என் கையால வாங்கினவளுவளுக்கு மட்டும்தாம்ளா வந்திருக்கு” என்றாள். எனக்குக் குப்பென்று வியர்த்துவிட்டது.

வீட்டில் போய்ப் புருஷனிடம் சொல்லியிருக்கிறாள். அவர் போலீஸ், கேஸ், ஜெயில் என்று பயந்து, “எல்லாவளுக்கும் தானாச் சரியாயிரும். நீ வாயத் தொறக்காத” என்றுவிட்டார். அவர் சொன்ன மாதிரியே எங்களுக்கு எல்லாம் ஒரு வாரத்தில் தெளிந்துவிட்டது. ஜெயபிரியாவுக்கு மட்டும் தெளியவில்லை.

அவள் எங்கேயோ யாரிடமோ சொல்லி அதே மாத்திரையை வாங்கி, முன்னைவிட அதிகமாகப் போட்டிருக்கிறாள். அதுவும் நின்றுபோனதும் உடம்பு தூக்கிப்போட ஆரம்பித்துவிட்டது. சாப்பிட்டது எல்லாம் வாந்தி. ரோமம் எல்லாம் குத்திட்டு நிற்க, கண்ணை விரித்துக்கொண்டு, ராத்திரி பகல் இல்லாமல் வீட்டுக்குள் நடந்தாள். பிள்ளை காலைக் கட்டினால் உதறித் தள்ளினாள். மாமியார் பகவதிக்கு வேறு என்ன தோன்றும்? பேயோட்டுகிற கோடாங்கியைக் கூப்பிட்டார்கள். அளத்து ஓடையில் விழுந்து செத்தவள் ஒருத்தி பிடித்திருக்கிறாள் என்று அவன் சொன்னான். வேப்பிலையால் அடித்தார்கள். பிள்ளையை அவள் கண்ணில் காட்டாமல் மாமியார் தன்னோடு வைத்துக்கொண்டாள்.

அக்கா உண்மையைச் சொல்லிவிடுவதென்று கிளம்பிப் போனாள். போனவள் என்ன செய்துவிட்டு வந்தாள் தெரியுமா? அவர்கள் பேய் என்றார்கள், இவளும் பேய் என்றாள். அவர்கள் பூசைக்குக் கறுப்புக் கோழி வேண்டும் என்றார்கள், இவள் வாங்கித் தருகிறேன் என்றாள். வாங்கியும் கொடுத்துவிட்டாள்!

கேட்டதும் எனக்கு வந்ததே ஆத்திரம்! “நீ கூறுகெட்டவளா, இல்ல கோட்டி பிடிச்சிருக்கா? பேய் நீதானக்கா. ஒனக்கே கோழி வெட்டப் போறாவளா?” என்று நடுத்தெருவில் வைத்துக் கத்திவிட்டேன். அவள் முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு அழுதாள். யார் என்ன சொன்னாலும் திருப்பிக் கொடுக்கிறவள் அப்படி நின்றதைப் பார்த்து எனக்கே பயமாகிவிட்டது. சோறு இறங்கவில்லை என்றாள். தண்ணீர் குடித்தால்கூட அந்தப் பிள்ளை வாந்தி எடுக்கிற சத்தம் கேட்கிறது என்றாள்.

நாலு நாள் கழித்து மாரிராஜ் வீட்டிலிருந்து சேதி வந்தது. எங்கோ ஒரு கோயிலில் இந்த மாதிரிப் பெண்களைச் சங்கிலி போட்டுக் கட்டி வைத்துக் குணப்படுத்துவார்களாம். மறுநாள் வேன் வருகிறது. பிள்ளை இங்கேயே இருக்கட்டும், தெளிந்து வந்தால் பார்க்கலாம், வராவிட்டால் மாரிராஜுக்கு வேறு இடம் பார்க்கலாம் என்கிற வரைக்கும் பேச்சுப் போயிருந்தது.

அக்கா என்னைக் கூப்பிட வந்தாள். “கூட வாளா. தனியாப் போனா மறுபடியும் நான் கோழி வாங்கிக் குடுத்துட்டு வந்துருவேன்” என்றாள்.

போனோம். பகவதி எங்களை உட்காரவைத்துக் காப்பி கொடுத்தாள். அடுக்களைக்குள் பிள்ளை அம்மா, அம்மா என்று தேம்பிக்கொண்டிருந்தது. அக்கா காப்பியைத் தொடவில்லை.

“மயினி, அவளுக்குப் பேயும் இல்ல, பிசாசும் இல்ல. நான்தான் தெனமும் வலி மாத்திரை குடுத்தேன். அது இல்லாமத்தான் ஒடம்பு இப்படிக் கெடந்து துடிக்கி. பாவம் என்மேல. ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போவோம்.”

சொல்லிவிட்டாள். நான் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தேன், இப்போது அடி விழும், இப்போது ஏச்சு விழும் என்று. பகவதி கண்ணைத் துடைத்தாள்.

“ஏலே மாரிராஜு, பாத்தியா ஒன் அத்தைய? புள்ளையக் கோயிலுக்குக் கொண்டு போனா கேவலம்னு, பழியத் தூக்கித் தன் தலையில போடுதாவ. இப்படி ஒரு மனசு யாருக்கு வரும்?”

“மயினி, நெசமாத்தான் சொல்லுதேன்.”

“டாக்டர் எழுதின மாத்திரை எப்படி மயினி ஆளக் கோட்டியாக்கும்? எங்க வீட்டு அவிய வருஷக்கணக்கா சுகர் மாத்திரை போடுதாவ, கல்லுக்குண்டு மாதிரிதான இருக்காவ. நீங்க வெசனப்படாதீங்க.”

அக்கா சொல்லச் சொல்ல அவள் நல்லவள் என்பதுதான் அந்த வீட்டில் கெட்டியாகிக்கொண்டு போனது. இத்தனை வருஷம் சேர்த்து வைத்த நல்ல பெயர் அன்றைக்கு அவள் வாயையே அடைத்தது. அந்த நேரம் உள்ளே இருந்து ஜெயபிரியா சுவரைப் பிடித்துக்கொண்டு வந்தாள். உதடு வெடித்து, கன்னம் ஒட்டிப்போய், எனக்கு ஆளே அடையாளம் தெரியவில்லை.

“அத்த பொய் சொல்லுதா. அவ ஒண்ணும் தரல” என்றாள். சொல்லிவிட்டு அக்கா பக்கத்தில் வந்து குனிந்து, காதுக்குள், “ஒண்ணாவது கொண்டாந்திருக்கியா?” என்று கேட்டாள்.

அக்கா காதுக்கு மட்டுமென்று சொன்னது எனக்கும் கேட்டுவிட்டது. அதற்கு மேல் என்னால் முடியவில்லை.

“அவ பொய் சொல்லல! எனக்கும் தந்தா, செட்டுல இருக்க எல்லாவளுக்கும் தந்தா. எனக்கும் இதே மாதிரி மூக்கு ஒழுகுச்சு, வயித்தால போச்சு, எனக்கும் ஓடைக்காரிதான் பிடிச்சாளா? அரை போட்ட எனக்கே அப்படின்னா முழுசு முழுசாப் போட்ட இவளுக்கு எப்படி இருக்கும்? நல்லவ நல்லவன்னு சொல்லியே இந்தப் பிள்ளையக் கொன்னுராதீங்க!”

நான் யாருக்காகவும் பொய் சொல்கிறவள் இல்லை என்பது அந்தத் தெருவுக்கே தெரியும். என் வாய்க்குப் பயந்து பாதிப்பேர் என்னோடு பேசுவதே இல்லை. பகவதியின் முகம் மெல்ல மாறியது. அக்காவை அவள் பார்த்த பார்வை இருக்கிறதே, அதற்குப் பதில் ஒரு அறை விட்டிருக்கலாம். மாரிராஜ் சட்டையை மாட்டிக்கொண்டு ஆட்டோ பிடிக்கப் போனான்.

அரசு ஆஸ்பத்திரியில் ஒரு சின்ன வயசு டாக்டரம்மா. ஜெயபிரியாவுக்குக் குளுக்கோஸ் ஏற்றச் சொல்லிவிட்டு எங்களை உட்காரவைத்துக் கேட்டார். அக்கா ஒன்றையும் மறைக்கவில்லை. அந்தச் சீட்டையும் எடுத்து மேஜைமேல் வைத்தாள். டாக்டரம்மா திட்டவில்லை.

“இதும் அபின் வகையைச் சேர்ந்ததுதாம்மா. டாக்டர் சொன்ன அளவுக்கு, சொன்ன நாளுக்குப் போட்டா மருந்து. தொடர்ந்து போட்டா உடம்பு அதையே கேக்கும். இப்ப இங்க இப்படி வர்றவங்க ஜாஸ்தி ஆயிட்டாங்க. இவங்களைச் சரி பண்ணிரலாம். கொஞ்ச நாள் இங்கேயே இருக்கணும், பிள்ளையைப் பாக்க விடணும்.”

மாரிராஜ் சரி சரி என்று தலையாட்டினான். பிள்ளையைத் தினமும் தானே தூக்கி வருவதாகச் சொன்னான். ஜெயபிரியா கண்ணை மூடிப் படுத்திருந்தாள், கண்ணோரம் தண்ணீர் இறங்கியது. எனக்கு அப்போதுதான் மூச்சு வந்தது.

“நீங்க எத்தனை போடுறீங்கம்மா? மறைக்காம சொல்லுங்க. உங்களுக்கும் வைத்தியம் பாக்கணும்” என்று டாக்டரம்மா அக்காவைக் கேட்டார்.

“நான் போடுறது இல்ல டாக்டர்.”

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. டீ நேரத்தில் எங்களோடு வாயை அசைத்துத் தண்ணீர் குடித்தவள் அவள். அவளும் போடுகிறாள் என்றுதான் நாங்கள் இத்தனை நாளும் நம்பிக்கொண்டிருந்தோம்.

“ஏன் போடலை?”

அக்கா கையைப் பிசைந்தாள். “முதல்ல ஒரே ஒரு தடவ போட்டேன். வலி போச்சு. வலி மட்டுமா, கவலை, கடுப்பு எல்லாம் போச்சு. பொறந்ததுல இருந்து அப்படி ஒரு சொகத்த நான் கண்டதில்ல. மறுநாளும் மனசு அதையே கேட்டுச்சு. பயந்துபோயி தொடவே இல்ல.”

ஜெயபிரியா கண்ணைத் திறந்தாள்.

“பயமா இருந்துச்சுன்னா எனக்கு ஏன் அத்த தந்த?”

ஒனக்கு வலிச்சதே என்று அக்கா சொல்வாள் என நினைத்தேன். சொல்லியிருக்கலாம், யாரும் மறுத்திருக்க மாட்டோம். ஆனால் அன்றைக்கு அவள் பொய் சொல்லக்கூடாது என்று வந்திருந்தாள்.

“போட்டா நல்லா வேலை பாத்தியேட்டி” என்றாள். “எல்லாவளும் நல்லா வேலை பாத்தீய.”

ஜெயபிரியா அவளை ஏசவில்லை. டாக்டரம்மாவிடம் திரும்பி, “நான் இங்கனயே இருக்கேன், சொல்லுதபடி கேக்கேன். இவள மட்டும் வெளிய போகச் சொல்லுங்க” என்றாள்.

டாக்டரம்மா சொல்வதற்கு முன்னாலேயே அக்கா எழுந்துவிட்டாள். கதவுப் பக்கம் போய் நின்று, நானும் கூட வருவேன் என்று நினைத்து என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் எழுந்திருக்கவில்லை.